பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே கல்லா: கெல்லி ஃபேமிலி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு குழுவைச் சுயேச்சையான இசைக்குழு என்று சொன்னால், அது எந்தப் பதிவு நிறுவனத்துக்கும் கட்டுப்படாமல் தன் பாட்டைத் தானே பதிந்து தானே விற்கிறது என்று புரிந்துகொள்கிறோம். குழு முழுக்க ஒரே குடும்பமாக இருந்துவிட்டால் அந்தப் புரிதல் போதாது. நிறுவனத்திடமிருந்து விடுதலை கிடைத்தது யாருக்கு, குடும்பத்துக்கா, குடும்பத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்குமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்க கெல்லி ஃபேமிலியைவிடப் பொருத்தமான குழு கிடைப்பது கடினம். ஐரோப்பாவின் நடைபாதைகளில் பாடிக்கொண்டிருந்த இந்தக் குடும்பம், 1990களில் தன் சொந்த லேபிளில், அதாவது தானே நடத்திய பதிவு நிறுவனத்தில், வெளியிட்ட ஒரே ஆல்பத்தை ஜெர்மனியில் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. பத்தே ஆண்டுகளில் ஆளுக்கு ஒரு திசையாகப் போனது. பிறகு பாதிப் பேர் மட்டும் திரும்பி வந்தார்கள்.

குடும்பம்

டான் கெல்லி அமெரிக்கர். 1960களின் நடுவில் மனைவி ஜேனிஸையும் சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்தார். தொலேதோ மாகாணத்தில் தலவேரா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கமொனால் என்ற சிற்றூரில் குடும்பம் தங்கியது. அந்தத் திருமணம் முறிந்தது. பிறகு பார்பரா ஆன் சுவோக்கோ என்ற அமெரிக்க நடனக் கலைஞரை மணந்தார். முதல் மனைவிக்கு நான்கு பிள்ளைகள், இரண்டாவது மனைவிக்கு எட்டு.

இரண்டாவது வரிசைப் பிள்ளைகள் பிறந்த ஊர்களை எழுதினாலே குடும்பம் போன தடம் தெரிந்துவிடும். ஜான் தலவேராவில், பட்ரீசியாவும் ஜிம்மியும் ஜோயியும் கமொனாலில், பார்பி வடக்கு ஸ்பெயினின் நவார்ரா பகுதியில், பேடி டப்ளினில், மைதே மேற்கு பெர்லினில், ஆஞ்செலோ பம்ப்லோனாவில். 1967 முதல் 1981 வரை பதினான்கு ஆண்டுக் கணக்கு இது. முதல் வரிசையிலிருந்து கடைசிவரை குழுவில் நிலைத்தவர் கேத்தி. அவரைப் பற்றிப் பின்னால் பேச வேண்டும்.

பிள்ளைகள் வழக்கமான பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. படிப்பு, இசை, நடனம் எல்லாம் வீட்டில்தான். வீடு என்பதும் சில காலம் ஒரு பழைய இரட்டை அடுக்குப் பேருந்து, பிறகு கொலோன் நகரில் ரைன் ஆற்றில் கட்டிவைத்த ஒரு படகு. 1970களின் நடுவில் பிள்ளைகள் பொது இடங்களில் பாடத் தொடங்கினார்கள். முதலில் ஊர்த் திருவிழாக்கள், அப்புறம் ஸ்பெயின் தொலைக்காட்சி, அதற்குப் பிறகு அயர்லாந்து, நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று போன இடமெல்லாம் தெரு.

பல வகை இசை எப்படி வந்தது

கெல்லிகளின் இசையை ஒரு பெட்டிக்குள் அடைக்க முடியாது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அயர்லாந்து நாட்டுப்புறப் பாட்டு, ஸ்பானியப் பாட்டு, தேவாலயப் பாடல், அமெரிக்க கன்ட்ரி, பாப், கொஞ்சம் ராக் என எல்லாம் ஒரே மேடையில் வரும். இதைக் குடும்பத்தின் கலை ரசனை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. மீதிப் பாதியைத் தீர்மானித்தது பிழைப்பு.

தெருவில் பாடுகிறவருக்கு முன்னால் இருப்பவர் சீட்டு வாங்கி வந்தவர் இல்லை. எங்கேயோ போகிற வழியில் இருப்பவர். சில நொடிகளுக்குள் அவரை நிறுத்தியாக வேண்டும். ஒரு ஊரில் நிறுத்தும் பாட்டு அடுத்த ஊரில் நிறுத்தாது. ஸ்பெயினில் கைதட்டு வாங்கும் மெட்டுக்கு ஜெர்மன் கடைவீதியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாட்டுக்கு நாடு போகிற குடும்பம் எல்லா ஊர்ப் பாட்டையும் கையில் வைத்திருக்கத்தான் வேண்டும். ஒரே பாணியில் நின்றுகொண்டு கொள்கை பேசுவது, அறைக்குள் உட்கார்ந்து பதிவு செய்பவர்களுக்குக் கட்டுப்படியாகலாம்.

கருவிகளும் அப்படித்தான் அமைந்தன. மின்சாரம் இல்லாத இடத்தில் ஒலிக்க வேண்டும், தூக்கிக்கொண்டு நடக்க முடிய வேண்டும். கிட்டார், அக்கார்டியன், வயலின், சிறிய ஹார்ப், கையால் தட்டும் தாளக் கருவிகள் இவைதான் அடிப்படை. மைக் இல்லாமல் ஒரு சதுக்கத்தை நிரப்ப ஒரு தொண்டை போதாது, பல தொண்டைகள் ஒன்றாகச் சேர வேண்டும். கெல்லிகளின் அடையாளமாகப் பிறகு சொல்லப்பட்ட அந்தக் கூட்டுக்குரல் இங்கேதான் பழகியது. உடன்பிறந்தவர்களின் குரல் தன்மையும் உச்சரிப்பும் இயல்பாகவே ஒத்துப்போகும். சேர்ந்து பாடும்போது தனித்தனிக் குரல்களின் விளிம்பு தெரியாது. பல குடும்பக் குழுக்களில் கேட்கக்கூடிய ஒன்று இது, வெளியாட்களைக் கூட்டிவந்து பயிற்சி கொடுத்து வரவழைப்பது எளிதில்லை.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூத்தவருக்கும் கடைசிப் பிள்ளைக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. கேத்தி வளர்ந்த காலத்தின் இசை வேறு, பேடியும் ஆஞ்செலோவும் பதின்வயதில் கேட்ட இசை வேறு. யாருக்கு என்ன பிடிக்கிறதோ அதை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். முறைவைத்து ஒவ்வொருவரும் முன்னால் வந்து பாடுவது, மற்றவர்கள் பின்னால் நின்று வாசிப்பது என்ற ஏற்பாடும் இதிலிருந்து வந்ததே. முன்னணிப் பாடகர் என்று ஒருவர் இல்லை. அதனால் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள். ஒரே வீட்டில் தாத்தா முதல் பேத்தி வரை ஆளுக்கு ஒரு பாட்டைப் பிடித்துக்கொள்ள வழிசெய்ததும் இதுதான்.

முதல் நிறுவனம், பிறகு சொந்த லேபிள்

பெரிய நிறுவனத்தின் வாசலையே மிதிக்காதவர்கள் இல்லை இவர்கள். பாலிடோர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் நாவலிலிருந்து எடுத்த ஒரு ஐரோப்பியத் தொலைக்காட்சித் தொடருக்கு விளாதிமிர் கோஸ்மா போட்ட மெட்டில் இவர்கள் பாடிய 'டேவிட்ஸ் சாங்' 1980 வாக்கில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பெரிய வெற்றி பெற்றது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு குழுவின் வாழ்க்கை மாறும்: அடுத்த பாட்டு, அடுத்த சுற்றுப்பயணம், நிறுவனம் தேர்ந்தெடுத்த தயாரிப்பாளர்.

கெல்லிகளுக்கு அப்படி நடக்கவில்லை. பார்பராவுக்குப் புற்றுநோய். 1982 நவம்பரில், ஆஞ்செலோவுக்கு ஒரு வயது நிரம்பும் முன்பே அவர் இறந்தார். குழுவில் பாதிப் பேர் சிறுவர்கள், தாய் இல்லை. குடும்பம் மறுபடி தெருவுக்கே போனது. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ஜெர்மன் நகரங்களின் கடைவீதிகள். இந்தக் காலத்தில்தான் கெல்-லைஃப் என்ற சொந்த லேபிள் உருவானது.

லேபிள் என்றதும் அலுவலகம், ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். பாட்டைப் பதிவுசெய்து, கேசட்டும் எல்.பி. இசைத்தட்டும் அடித்து, பாடும் இடத்திலேயே விற்பது. இதன் பணக்கணக்கு எளிமையானது. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டால் விற்பனையில் ஒரு சிறு சதவீதம்தான் ராயல்டியாக வரும், அதிலும் பதிவுச் செலவையும் முன்பணத்தையும் நிறுவனம் முதலில் கழித்துக்கொள்ளும். நேரே விற்றால் அடக்கவிலை போக மீதியெல்லாம் கையில். கூட்டம் பாட்டுக்குப் போடும் சில்லறை ஒரு பக்கம், கேசட் விற்ற காசு இன்னொரு பக்கம். பத்துப் பேர் பாடும் குழுவுக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது, ஏனென்றால் எல்லோரும் பிள்ளைகள். இந்தக் கடைசி வரிதான் இந்த ஆய்வின் மையம். தொழில் லாபமாக இருந்ததற்குப் பெரிய காரணம் உழைப்புக்குத் தனியாகக் கூலி என்று எதுவும் போகாததே.

1990 வாக்கில் டானுக்குப் பக்கவாதம் வந்தது. அதன்பின் அன்றாடப் பொறுப்புகள் மூத்த பிள்ளைகளின் தோளில் ஏறின. இசைத் தயாரிப்பைக் கேத்தி பார்த்துக்கொண்டார். குழுவின் புகழ் என்றதும் பேடியின் படம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் தெருப் பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஆக்கியதில் கேத்தியின் கை பெரிது. அவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

1994

'ஓவர் த ஹம்ப்' அந்த ஆண்டு கெல்-லைஃப் வெளியீடாக வந்தது. அதிலிருந்த 'ஆன் ஏஞ்சல்' பாட்டை எழுதியவர் பேடி. பதினாறு வயது அவருக்கு. அவரும் பன்னிரண்டு வயது ஆஞ்செலோவும் பாடினார்கள். ஜெர்மன் தரவரிசையில் அது இரண்டாம் இடம் வரை போனது. ஆல்பம் அந்த நாட்டில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களின் வரிசையில் சேர்ந்தது. 1996இல் 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' முதலிடம் பிடித்தது.

அன்றைய ஜெர்மன் வானொலியில் ஓடியது யூரோடான்ஸும் டெக்னோவும். எல்லாம் கணினித் தாளம். அதற்கு நடுவில் நீண்ட தலைமுடியும் பழைய துணிச்சந்தை உடைகளுமாக ஒரு குடும்பம் கிட்டாரும் அக்கார்டியனும் எடுத்துக்கொண்டு வந்தது. அந்த உடைகளுக்காகப் பத்திரிகைகளும் நகைச்சுவை நிகழ்ச்சிகளும் அவர்களைக் கிழித்தெடுத்தன. பள்ளிக்கூடங்களில் கெல்லி ரசிகர், கெல்லி வெறுப்பாளர் என்று இரண்டு கட்சி. நடுவில் நின்றவர்கள் குறைவு.

திடீரென்று ஒரே பாட்டில் வந்த வெற்றி என்று இதைச் சொல்வதுண்டு. அப்படிச் சொல்பவர்கள் முந்தைய பதினைந்து ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஜெர்மனியின் எத்தனையோ ஊர்களின் கடைவீதியில் அவர்களை நேரில் பார்த்தவர்கள் இருந்தார்கள், வீட்டில் அவர்கள் கேசட் இருந்தது. வானொலியும் நிறுவனமும் கதவைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் சேர்ந்திருந்தது. விநியோகம் மட்டும்தான் பெரிய அளவில் தேவைப்பட்டது. உரிமை தங்கள் கையில் இருந்ததால், விற்பனை பெருகியபோது அதன் லாபமும் பெரும்பாலும் தங்களிடமே தங்கியது.

1998இல் குடும்பம் கொலோனுக்கு அருகே எர்ஃப்ட்ஷ்டாட்டில் உள்ள கிம்னிச் கோட்டையை வாங்கியது. மேற்கு ஜெர்மன் அரசு வெளிநாட்டுத் தலைவர்களைத் தங்கவைத்த விருந்தினர் மாளிகை அது.

கல்லாச் சாவி யாரிடம்?

நம்மூர்க் கூட்டுக்குடும்பத்தை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இருக்காது. உழைப்பு எல்லோருடையது, வருமானம் ஒரே கல்லாவில், செலவுக்குப் பெரியவர் கையிலிருந்து. பல ஆண்டுகள் தெருவில் வாழ்ந்த குடும்பத்துக்கு இது பாதுகாப்பு. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர்கள் பாடுவார்கள், யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். சில்லறை புழங்கும்போது வேலை செய்த அதே ஏற்பாடு, கோடிகள் புழங்கும்போது என்ன ஆகும்?

பிள்ளைகளில் சிலர் பின்னாளில் தன்வரலாறு எழுதினார்கள், நிறையப் பேட்டி கொடுத்தார்கள். அவற்றில் தந்தை மீது அன்பும் இருக்கிறது, மூச்சுமுட்டிய அனுபவமும் இருக்கிறது. என்ன படிப்பது, எங்கே வாழ்வது என்று தனித்தனியாக முடிவெடுக்க இடம் இல்லை. பதிவு நிறுவனத்தோடு ஒத்துவராவிட்டால் ஒப்பந்தம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து வெளியேறலாம். இங்கே ஒப்பந்தமே கிடையாது, முடியும் தேதியும் கிடையாது. குழுவை விட்டுப் போவது என்றால் வீட்டை விட்டுப் போவது. நிறுவனம் கலைஞரைச் சுரண்டும் என்று பயந்து ஒதுங்கிய குடும்பம், அந்த நிறுவனம் செய்யும் எல்லா வேலையையும் தானே எடுத்துக்கொண்டது. கலைஞரைப் பாதுகாக்கும் பகுதியை மட்டும், அதாவது எழுத்தில் இருக்கும் பங்கு, உரிமை, விலகும் வழி ஆகியவற்றை, எடுத்துக்கொள்ளவில்லை.

டான் 2002 ஆகஸ்டில் கொலோனில் இறந்தார். அதற்குப் பிறகு நடந்ததைப் பாகப்பிரிவினை என்றே சொல்லலாம். பேடி 2004இல் பிரான்ஸில் ஒரு துறவற மடத்தில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் இருந்தார். பிறகு மைக்கேல் பேட்ரிக் கெல்லி என்ற பெயரில் தனிப் பாடகராகத் திரும்பினார். ஜோயி நெடுந்தூர ஓட்டத்திலும், நீச்சலும் மிதிவண்டியும் ஓட்டமும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டிகளிலும் இறங்கினார். மைதே இசை நாடகங்களுக்கும் பின்னர் ஷ்லாகர் எனப்படும் ஜெர்மன் மெல்லிசைப் பாட்டுக்கும் போனார். ஜிம்மி பணக் கஷ்டத்தில் கிட்டாரை எடுத்துக்கொண்டு மறுபடி கடைவீதியில் பாடினார், இந்த முறை தனியாக. இருபது லட்சம் ஆல்பம் விற்ற குழுவின் உறுப்பினர் மறுபடி நடைபாதையில் நிற்க வேண்டி வந்தது என்றால், கல்லாவில் சேர்ந்த பணம் ஆளாளுக்குச் சொத்தாக மாறவில்லை என்பது தெரிகிறது. கோட்டையும் கடைசியில் கைமாறியது.

பல பாணி இசையின் கதையும் இங்கே முடிச்சு அவிழ்கிறது. சேர்ந்திருந்தபோது கலவையாக ஒலித்தது, பிரிந்ததும் ஒவ்வொரு இழையாகத் தனியே தெரிந்தது: ஒருவரிடம் பாப்-ராக், ஒருவரிடம் ஷ்லாகர், இன்னொருவரிடம் அயர்லாந்து நாட்டுப்புறம்.

2017இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் வெஸ்ட்ஃபாலன் அரங்கில் மறுபடி சேர்ந்து பாடினார்கள், அந்த ஆண்டு வந்த 'வி காட் லவ்' ஆல்பமும் நன்றாக விற்றது. பேடியும் மைதேயும் சேரவில்லை. சேராமல் இருக்க முடிந்தது என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். 1994இல் அந்த வழி இருந்திருக்காது.

ஒப்பிட ஒரு குழு

இதே பாதையை வேறு விதமாக நடந்தவர்கள் ஹேன்சன் சகோதரர்கள் மூவர். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா ஊர்க்காரர்கள். 1997இல் பெரிய நிறுவனத்தின் கீழ் உலகம் முழுக்கப் புகழ் பெற்றார்கள். நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்தபோது வேறொரு லேபிளின் கைக்குப் போனார்கள், அங்கே அவர்கள் எழுதிய பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பப்பட்டன. 2003இல் வெளியேறி 3சிஜி என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆல்பம் அமெரிக்காவின் சுயேச்சை ஆல்பங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன்பின் கூட்டம் சிறிதானது, ஆனால் கலையவில்லை.

வேறுபாடு எங்கே என்று பார்த்தால் இசையில் இல்லை. ஹேன்சன் மூவரும் ஒரே தலைமுறை, வளர்ந்த பிறகு தாங்களாக எடுத்த முடிவு அது. கெல்லிகளில் முடிவெடுத்தவர் தந்தை, அதைச் சுமந்தவர்கள் பிள்ளைகள். மூன்று பேருக்குள் பேசித் தீர்ப்பதும் ஒன்பது பத்துப் பேருக்குள் தீர்ப்பதும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பக் குழு தொடங்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் கேசட் விற்பதற்கு முன்பே யாருக்கு எவ்வளவு என்று தாளில் எழுதி வைப்பார்கள். அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று கூச்சப்படுவது வழக்கம்தான்.

அடுத்த தலைமுறை

கடைசிப் பிள்ளை ஆஞ்செலோ தன் மனைவி, ஐந்து பிள்ளைகளோடு தனியாக ஒரு குடும்பக் குழுவைத் தொடங்கினார். அயர்லாந்து நாட்டுப்புறப் பாட்டுதான் அடித்தளம். ஜெர்மனி முழுக்கச் சுற்றுப்பயணம் செய்தார்கள். ஒரு கோடை நிகழ்ச்சியில் அவருடைய நான்கு வயது மகன் இரவு எட்டு மணிக்கு மேல் மேடையில் பாடினான். ஜெர்மனியின் இளையோர் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டப்படி மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் இசை நிகழ்ச்சியில் பங்கெடுக்க அரசு அனுமதி வேண்டும், அதுவும் காலை 8 முதல் மாலை 5 மணிக்குள், நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல்.

மகன் தன் விருப்பத்தோடுதான் மேடையேறினான், அதை வேலை என்று சொல்ல முடியாது என்பது தந்தை தரப்பு வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. சீட்டு விற்ற நிகழ்ச்சியில் பாடியது பணிதான் என்று சொல்லி அபராதம் விதித்தது.